தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நாயையும் பூனையையும் தயார் பண்றது எப்படி? ஆகஸ்ட்லயே ஆரம்பிக்க வேண்டிய வேலை

2026ல தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை வருது. இத முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஞாயித்துக்கிழமை நிறைய தனியார் கிளினிக் பாதி நாள்தான் இருக்கும், அதுவும் பண்டிகைன்னா மூடியே இருக்கும், முந்தின நாள் சனிக்கிழமை போனா வாசல் வரைக்கும் கூட்டம் நிக்கும். அதனால மாத்திரை, செக்கப், நாய் லைசென்ஸ்னு எதுவா இருந்தாலும் அக்டோபர் கடைசிக்குள்ள முடிச்சிடணும்னு மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

எங்க வீட்ல கருப்பின்னு ஒரு நாட்டு நாய், மிட்டுன்னு ஒரு பூனை, சென்னைல மூணாவது மாடி ஃப்ளாட். கருப்பிக்கு வெடிச் சத்தம்னா உயிர் போற பயம். அவளுக்காக என்னென்ன பண்ணணும்னு தெரிஞ்சுக்க நாங்க ரொம்ப அலைஞ்சோம், ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க, பாதிப் பேர் "ரெண்டு நாள் தானே, தானா சரியாயிடும்"னு சொன்னாங்க. நிறைய நாய்ங்களுக்கு இந்த பயம் தானா சரியாகறதில்ல, ஒண்ணும் பண்ணாம விட்டா வருஷா வருஷம் கூடுது, வெடியில ஆரம்பிச்சு இடி, மோட்டார் பைக் சைலன்சர், மேளச் சத்தம்னு பரவுது. நீங்க புதுசா நாயோ பூனையோ வளக்க ஆரம்பிச்சிருந்தா கீழ இருக்குறத வரிசையா பண்ணிட்டு வாங்க.

1. பயம் எந்த அளவுன்னு முதல்ல பாருங்க

நடுங்குறது, கட்டிலுக்கு அடியில ஓடுறது எல்லாருக்கும் தெரியும். தெரியாம விட்டுப் போறது சின்னச் சின்ன அறிகுறிகள்தான்: வெயில் இல்லாமலே நாக்க தொங்கப் போட்டு இரைக்கிறது, அடிக்கடி கொட்டாவி விடுறது, உதட்ட நக்குறது, காது பின்னாடி ஒட்டிப் போறது, வால் வயித்துக்கு அடியில போறது, நீங்க எந்த ரூம் போனாலும் கூடவே ஒட்டிக்கிட்டு வர்றது. எச்சில் ஒழுகுறது, கதவ பிறாண்டுறது, அது நின்ன இடத்துலயே ஒண்ணுக்கு போயிடுறது, ரொம்ப பிடிச்ச சிக்கன் துண்ட மூக்குக்கு நேரா காட்டினாலும் சாப்பிடாதது, இதெல்லாம் பயம் தலைக்கு மேல போயிடுச்சுங்குறதுக்கு அடையாளம். அந்த அளவுக்கு போறதுன்னா வெறும் பாட்டு போட்டு, போர்வை போத்தி சமாளிக்க முடியாது, டாக்டர் வேணும்.

கல்யாண ஊர்வலத்துல போடுற சரவெடி, கட்சிக்காரங்க வெடிக்கிற பத்தாயிரம் வாலா, சாவு ஊர்வல வெடி, கோயில் திருவிழா அதிர்வேட்டு, ஏதாவது ஒண்ணு தீபாவளிக்கு முன்னாடியே உங்க தெருவுல வந்துடும். அப்போ போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க. டாக்டர்கிட்ட வாயால விவரிக்கிறத விட அந்த வீடியோ ரொம்ப உதவும், ஏன்னா கிளினிக்ல நாய் வேற மாதிரி நடந்துக்கும்.

2. ஆகஸ்ட், செப்டம்பர்ல டாக்டர பாத்துடுங்க

எடுத்துட்டுப் போக வேண்டியது: ஊசி கார்டு, முன்னாடி எடுத்த ரத்த டெஸ்ட் ஏதாவது இருந்தா அது, இப்போ சாப்பிடுற மருந்துகளோட பேர், அந்த வீடியோ. எங்க ஏரியால தனியார் கிளினிக்ல கன்சல்டேஷன் 500 ரூபாய் பக்கம் ஆச்சு, உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கும். செலவு கஷ்டம்னா வேப்பேரில இருக்குற மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஹாஸ்பிட்டல் இருக்கு, வெளியூர்க்காரங்களுக்கு மாவட்டத்துல அரசு கால்நடை மருத்துவமனை இருக்கு, செலவு கம்மி, ஆனா காலைலயே போயிடணும், பாதி நாள் அதுக்குன்னு ஒதுக்கணும்.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, உடம்புல வலி ஏதாவது இருக்கான்னு. இத்தன வருஷம் வெடிக்கு அசராம இருந்த நாய் வயசான பிறகு திடீர்னு பயப்பட ஆரம்பிச்சா, மூட்டு வலியோ இடுப்பு வலியோ பின்னாடி இருக்கலாம், சத்தத்துல உடம்பு விறைக்கும்போது வலிக்குது, அப்புறம் சத்தம்னாலே வலின்னு ஆயிடுது. வலிக்கு மருந்து கொடுத்தா பயமும் குறையும்.

ரெண்டாவது, மருந்து. டாக்டர்கள் பொதுவா எழுதுறது காபாபென்டின், ட்ராசடோன், அல்ப்ரசோலாம் மாதிரியானவை. எது, எவ்வளவுங்குறது எடை, வயசு, கல்லீரல், கிட்னி எல்லாம் பாத்து டாக்டர் முடிவு பண்றது, அதனால நான் இங்க டோஸ் எழுதல, நீங்களும் வேற யாரோட நாய்க்கு எழுதின சீட்டையும் வச்சு கொடுக்காதீங்க. ரொம்ப அதிக பயம் இருந்தா தினமும் கொடுக்குற ஃப்ளூவாக்ஸிடின் மாதிரி மாத்திரை எழுதுவாங்க, அது வேலை செய்ய ஆரம்பிக்கவே நாலுலேர்ந்து ஆறு வாரம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். ஆகஸ்ட்லயே போங்கன்னு நான் தொண்டை கிழிய சொல்றதுக்கு முக்கியமான காரணமே இதுதான்.

இந்த இடத்துல கவனமா இருக்க வேண்டியது நிறைய இருக்கு:

அசெப்ரோமசின், சுருக்கமா ஏசிபின்னு சொல்லுவாங்க, அத மட்டும் தனியா கொடுத்தா உடம்பு அசையாது ஆனா பயம் அப்படியே உள்ள இருக்கும். நாய் அமைதியா படுத்திருக்குன்னு நமக்கு தோணும், அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஓட முடியாம கிடக்கும். யாராவது அத மட்டும் எழுதினா, பயத்தக் குறைக்கிற மருந்து வேற இருக்கா டாக்டர்னு தைரியமா கேளுங்க.

அல்ப்ரசோலாம் செட்யூல் எச்1 மருந்து, சீட்டு இல்லாம தர மாட்டாங்க, தரவும் கூடாது. மனுஷங்க மெடிக்கல் ஷாப்ல நாய் சீட்டு பாத்துட்டு தயங்குறவங்க உண்டு, ரெண்டு மூணு கடை ஏறி இறங்க வேண்டி வரும். சீட்டுல டாக்டர் கையெழுத்து, பதிவு எண், தேதி, நாயோட எடை எல்லாம் தெளிவா இருக்கான்னு கிளினிக்லயே பாத்து வாங்கிட்டு, ஒரு ஜெராக்ஸும் எடுத்து வச்சுக்கோங்க.

காபாபென்டின் மாத்திரையா, கேப்ஸ்யூலா வாங்குங்க. மனுஷங்களுக்கான சிரப்ல சைலிட்டால்ங்குற இனிப்புப் பொருள் சேத்திருக்க வாய்ப்பு இருக்கு, அது நாய்க்கு விஷம். வீட்டுல தாத்தா பாட்டி சாப்பிடுற தூக்க மாத்திரை, இருமல் சிரப், அவில் இதெல்லாம் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க.

கடைசியா, மருந்த முதல் தடவையா தீபாவளி அன்னைக்கு கொடுக்கக் கூடாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு சத்தம் இல்லாத ஒரு லீவு நாள்ல கொடுத்துப் பாருங்க. சில நாய்க்கு நடை தள்ளாடும், சிலது தூங்கும், அல்ப்ரசோலாம் மாதிரி மருந்துல சிலது தூங்குறதுக்கு பதிலா எரிச்சலாகி அலையும். அப்படி ஆச்சுன்னா மாத்த நேரம் வேணுமில்ல, அதுக்குத்தான் இந்த ஒத்திகை. மாத்திரை செலவு பெருசா ஆகாது, ஒண்ணு ரெண்டு அட்டைதான்.

3. சத்தத்துக்கு பழக்குறது

போன்ல பட்டாசு சத்தம் ரெக்கார்டிங் போட்டு, காதுல விழுந்தும் விழாத மாதிரி ரொம்ப மெதுவா வச்சு, அது ஓடும்போது ரொம்ப பிடிச்ச தீனி கொடுங்க. சத்தம் நின்னா தீனியும் நிக்கணும். நாள் ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம் போதும். நாய் காத திருப்பிப் பாத்துட்டு "எங்க என் சிக்கன்"னு உங்க மூஞ்சிய பாக்க ஆரம்பிச்சா அடுத்த நாள் கொஞ்சூண்டு கூட்டுங்க. பயந்த அறிகுறி ஒண்ணு தெரிஞ்சாலும் பழைய அளவுக்கு இறக்கிடுங்க. அவசரப்பட்டு சத்தத்த கூட்டினா பழகுறதுக்கு பதிலா பயம்தான் வளரும். மொட்டை மாடிக்கு கூட்டிட்டுப் போய் "பாரு ஒண்ணும் இல்ல"ன்னு காட்டுறது, மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு கிட்ட நின்னு வெடிக்க வைக்கிறது, இதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம்.

அக்டோபர் நடுவுல தெருவுல நிஜ வெடி ஆரம்பிச்சதும் ரெக்கார்டிங் பயிற்சிய நிறுத்திடுங்க. ஆனா ஒரு பழக்கம் மட்டும் தொடரணும்: வெளிய எங்க 'டமார்'னு கேட்டாலும் உடனே ஒரு தீனி. ஒவ்வொரு தடவையும். ஸ்டெஃபனி ரீமர்ங்குற ஆராய்ச்சியாளர் 2020ல வெளியிட்ட ஆய்வுல 1,225 நாய்ங்களோட வீட்டுக்காரங்ககிட்ட எது உதவிச்சுன்னு கேட்டிருக்காங்க, சத்தம் வந்த உடனே தீனியோ விளையாட்டோ கொடுத்தவங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல பேர் பலன் இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. செலவில்லாத விஷயம், பாக்கெட்ல எப்பவும் நாலு துண்டு அவிச்ச சிக்கனோ பனீரோ வச்சுக்கோங்க.

இதோட சேத்து ஒண்ணு சொல்லிடணும். பயந்த நாய தடவிக் கொடுத்தா பயம் அதிகமாயிடும், கண்டுக்காம விடணும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா சுத்துது. அது தப்பு. பயம் ஒரு உணர்ச்சி, ஆறுதல் சொன்னா அது வளராது. உங்க பக்கத்துல வந்து ஒட்டிக்கணும்னு அதுக்கு தோணுச்சுன்னா தாராளமா அணைச்சுக்கோங்க. தனியா ஒளிஞ்சிருக்கணும்னு தோணுச்சுன்னா அதையும் விட்டுடுங்க. திட்டாதீங்க, அது மட்டும் எந்த நாயிக்கும் ஆகாது.

4. கழுத்துப் பட்டை, மைக்ரோசிப், லைசென்ஸ்

தீபாவளில தொலையுற நாய்ங்க ரொம்ப. எப்பவும் அமைதியா இருக்குற நாய்கூட ஒரு அணுகுண்டு சத்தத்துல வாசல் கேட்ட தாண்டிடும்.

கழுத்துப் பட்டைல உங்க போன் நம்பர் பொறிச்ச டேக் மாட்டுங்க, 100, 200 ரூபாய்க்குள்ள கிடைக்கும். நாயோட பேர விட நம்பர்தான் பெருசா தெரியணும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவுக்கு இருக்கணும், அதுக்கு மேல லூசா இருந்தா பின்னாடி இழுத்து தலைய உருவிக்கிட்டு ஓடிடும். அதனால அக்டோபர்லேர்ந்து ஹார்னஸும் (நெஞ்ச சுத்தி மாட்டுற பட்டை) சேத்தே போட்டு கூட்டிட்டுப் போங்க.

மைக்ரோசிப் தோலுக்கு அடியில போடுற அரிசி அளவு சின்ன சிப், அதுல 15 இலக்க நம்பர் இருக்கும். இத ஜிபிஎஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நாய் எங்க இருக்குன்னு அது காட்டாது. யாராவது பிடிச்சு ஸ்கேன் பண்ணா அந்த நம்பர் வரும், அந்த நம்பரோட உங்க இப்போதைய போன் நம்பர் பதிவாகியிருந்தாதான் உங்களுக்கு தகவல் வரும். வீடு மாறினவங்க, சிம் மாத்தினவங்க மறக்காம அப்டேட் பண்ணுங்க.

சென்னைன்னா மாநகராட்சி லைசென்ஸ் கண்டிப்பா எடுத்திருக்கணும், ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். வெறிநாய்க்கடி தடுப்பூசி சர்டிஃபிகேட், உங்க அடையாள அட்டை, முகவரிச் சான்று, நாய் போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி தயாரா வச்சுக்கோங்க. ஊசி தேதி முடிஞ்சிருந்தா முதல்ல ஊசி போட்டுட்டு அப்புறம் விண்ணப்பிக்க உக்காருங்க, இல்லன்னா ரிஜெக்ட் ஆகி திரும்ப முதல்லேர்ந்து. ஒருவேளை நாய் தொலைஞ்சு போனாலும் இது நம்ம நாய்தான்னு காட்ட இந்த பேப்பர்ஸ் கைல இருந்தா பேச்சு சுலபம்.

5. ஒளிஞ்சுக்க ஒரு இடம்

எந்த ரூம்ல தெரு சத்தம் கம்மின்னு நீங்களே நின்னு கேளுங்க. எங்க வீட்ல அது பெட்ரூம் இல்ல, சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருக்குற சின்ன வழி, ஜன்னலே கிடையாது. அங்க பழைய மெத்தை, நம்ம வாசம் இருக்குற துவைக்காத பெட்ஷீட், தண்ணி கிண்ணம். மேல ஒரு டேபிள், அத சுத்தி கனமான போர்வை. இத ஒரு மாசம் முன்னாடியே போட்டு, அங்கயே தினமும் தீனி கொடுத்து பழக்கிடணும். தீபாவளி அன்னைக்கு புதுசா ஒரு கூண்டு வாங்கி உள்ள தள்ளி பூட்டினா கம்பிய கடிச்சு பல்ல உடைச்சுக்கும். அந்த ஒளியிற இடம் எப்பவும் திறந்தே இருக்கணும், உள்ள போறதும் வெளிய வர்றதும் அதோட விருப்பம்.

ஜன்னல் எல்லாம் சாத்துறதால புழுக்கம் இருக்கும், ஃபேனோ ஏசியோ ஓடணும், பயத்துல இரைக்கிற நாய் சீக்கிரம் சூடாயிடும். ஃபேன் சத்தம், வாஷிங் மெஷின், டிவி, மழைச் சத்தம் மாதிரி விடாம ஒரே மாதிரி ஓடுற சத்தம் வெளிச் சத்தத்த கொஞ்சம் மறைக்கும், ஆனா தீபாவளிக்கு முன்னாடி சில நாள் அமைதியான நேரத்துலயும் அதே சத்தத்த ஓட விட்டு பழக்குங்க. உடம்ப இறுக்கமா சுத்துற சட்டை, இல்ல ஒரு துப்பட்டா, சில நாய்க்கு உதவுது, சிலதுக்கு எரிச்சல். காதுல பஞ்ச திணிக்காதீங்க, உள்ள போய் மாட்டிக்கும்.

6. அக்கம்பக்கத்துல பேசுங்க

தமிழ்நாட்டுல 2018லேர்ந்து தீபாவளி அன்னைக்கு காலைல 6லேர்ந்து 7, சாயங்காலம் 7லேர்ந்து 8 மணி வரைக்கும்தான் பட்டாசு வெடிக்க நேரம் கொடுத்திருக்காங்க. ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் வெடிக்கவே கூடாதுன்னு ஏற்கனவே விதி இருக்கு. நடைமுறைல அது எப்படி இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், விடிகாலை நாலு மணி எண்ணெய்க் குளியலோடயே ஆரம்பிச்சிடும். ஆனாலும் அசோசியேஷன் மீட்டிங்ல பேச இந்த நேரம் ஒரு பிடி. வெடிக்காதீங்கன்னு கேட்டா யாரும் கேக்க மாட்டாங்க, சண்டைதான் வரும். "ஒரே இடத்துல, கேட்டுக்கு வெளிய, அந்த ரெண்டு மணி நேரத்துல வெடிக்கலாமா, அணுகுண்டு மட்டும் வேண்டாமே"ன்னு கேட்டா பாதிப் பேராவது ஒத்துக்குறாங்க. குழந்தைங்கள கூப்ட்டு நாய காட்டி சொன்னா அவங்க நம்மள விட நல்லா புரிஞ்சுக்குறாங்க. பசுமைப் பட்டாசுன்னா சத்தம் வராதுன்னு சிலர் நினைக்கிறாங்க, அதுல புகை குறைவு, ஆனாலும் வெடி வெடிதான்.

சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி சரணாலயத்துக்கு வர்ற பறவைங்களுக்காக கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரங்க எத்தனையோ வருஷமா தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்ல. ஈரோடு பக்கம் வெள்ளோட்டுலயும் அப்படித்தான். ஒரு ஊரே பண்ணுதுன்னு அசோசியேஷன்ல எடுத்துச் சொல்லலாம்.

7. நாய பாத்துக்குற போர்டிங்ல விடலாமா?

என் கருத்து, பயப்படுற நாய தீபாவளிக்கு புது இடத்துல விடாதீங்க. வேற வழியே இல்லன்னா செப்டம்பர்லயே புக் பண்ணுங்க, ஒரு ராத்திரி விட்டுப் பாத்து பழக்குங்க. வெறிநாய் ஊசி, மத்த தடுப்பூசி எல்லாம் தேதி முடியாம இருக்கணும், உண்ணி மருந்து போட்ட தேதி கேப்பாங்க. பண்டிகை நாள்ல ரேட் ஏறும், எழுத்துல வாங்குங்க. ராத்திரி ஆள் அங்கயே தங்குவாங்களான்னு கேளுங்க, அதுதான் முக்கியம்.

ட்ரெயின்ல சொந்த ஊருக்கு கூட்டிட்டுப் போறதுன்னா ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல முழு கூப்பே, அதாவது கதவு போட்ட தனி அறை, உங்களுக்கு கிடைச்சாதான் கூட வச்சுக்க முடியும், இல்லன்னா கார்டு வண்டில இருக்குற பெட்டிதான், பயந்த நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். ஊசி கார்டோட, பயணத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி வாங்கின டாக்டர் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டும் வேணும்.

8. முந்தின நாளும் தீபாவளி அன்னைக்கும்

சனிக்கிழமை மத்தியானமே நல்லா நடக்க வைங்க, உடம்பு அசந்திருந்தா கொஞ்சம் தூங்கும். சாயங்காலம் 5 மணிக்குள்ள சாப்பாட்ட முடிச்சிடுங்க, சத்தம் ஆரம்பிச்சா சாப்பிடாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் 1 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும்தான் பெரும்பாலும் கொஞ்சம் அமைதி இருக்கும், அப்போ வெளிய கூட்டிட்டுப் போங்க, ஹார்னஸ், கயிறு ரெண்டும் போட்டு. ராத்திரி போக மாட்டேன்னு அடம் பிடிச்சா இழுக்காதீங்க, பால்கனிலயோ பாத்ரூம்லயோ பழைய பேப்பர் விரிச்சு விடுங்க.

மாத்திரைய சத்தம் ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா பலன் ரொம்ப கம்மி. பொதுவா ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொடுக்கணும், டாக்டர் சொன்ன நேரத்துக்கு போன்ல அலாரம் வைங்க. விடிகாலை வெடிக்கு தனியா ஒரு வேளை உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

வாழ்த்து சொல்ல, பலகாரம் கொடுக்க யாராவது வந்துட்டே இருப்பாங்க, அப்போதான் நாய் வெளிய ஓடுறது. வாசல் கதவு திறக்கும்போது நாய் இருக்குற ரூம் கதவு சாத்தியிருக்கணும், இத வீட்ல ஒருத்தர் பொறுப்பா எடுத்துக்கணும். பலகாரத் தட்டு தரையில, டீபாய்ல வேண்டாம். லட்டு, கேசரி, பாயசத்துல போடுற உலர் திராட்சை நாய்க்கு கிட்னிய பாதிக்கும், சாக்லேட் விஷம், எண்ணெய்ப் பலகாரம் நிறைய தின்னா கணையம் வீங்கிடும். தீபாவளி லேகியமும் கொடுக்காதீங்க.

9. பூனைக்கும் பறவைக்கும்

மிட்டு பீரோ மேல ஏறிடுவா, ரெண்டு வேளை இறங்கவே மாட்டா. பூனைக்கு உயரமும் இருட்டும்தான் பாதுகாப்பு, அத அங்கேயே விடுங்க, இழுத்து மடில வச்சுக்காதீங்க, பிறாண்டிட்டு ஓடும். தண்ணியும் மண் ட்ரேயும் அது ஒளிஞ்சிருக்குற ரூம்லயே வைங்க. ஜன்னல் வலை கிழிஞ்சிருக்கான்னு ஒரு வாரம் முன்னாடியே பாருங்க. வெளிய சுத்துற பூனைன்னா வெள்ளிக்கிழமையே உள்ள கொண்டு வந்துடுங்க.

லவ் பேர்ட்ஸ் மாதிரி கூண்டுப் பறவை இருட்டுல சத்தம் கேட்டா படபடன்னு அடிச்சுக்கிட்டு இறக்கைய உடைச்சுக்கும். கூண்ட நடு ரூமுக்கு மாத்தி, மூணு பக்கம் துணி போட்டு, சின்ன ராத்திரி விளக்கு ஒண்ணு எரிய விடுங்க. அதுங்களுக்கு புகையும் ஆகாது, அதனால பால்கனி கதவு இறுக்கமா சாத்தியிருக்கணும்.

தெரு நாய்ங்களுக்கு உங்க அபார்ட்மென்ட் படிக்கட்டுக்கு அடியிலயோ பார்க்கிங் மூலையிலயோ ரெண்டு நாள் படுக்க இடம் விடச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க. ஒரு சாக்கு, ஒரு தண்ணித் தொட்டி போதும்.

10. ஓடிப் போயிட்டா

பின்னாடியே துரத்தாதீங்க, இன்னும் வேகமா ஓடும். பேர் சொல்லி சாதாரணக் குரல்ல கூப்பிட்டுக்கிட்டே நடங்க, நின்ன காருக்கு அடியில, மூடின கடை படிக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க, பயந்த நாய் பெரும்பாலும் முதல்ல கிடைக்குற சந்துலதான் பதுங்கும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், விடிகாலைல வர்ற தூய்மைப் பணியாளர்கள், பேப்பர் போடுற பையன், இவங்ககிட்ட போட்டோ காட்டி நம்பர் கொடுங்க, தெருவுல நடக்குறது இவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். வீட்டு வாசல்ல அது படுக்குற பெட்ஷீட்ட போட்டு வைங்க, சத்தம் அடங்கின பிறகு தானா வர்ற நாய்ங்க உண்டு. மறுநாள் காலைல கிட்ட இருக்குற கிளினிக், மாநகராட்சி நாய் மையம், சென்னைன்னா ப்ளூ கிராஸ்ங்குற விலங்கு நல அமைப்பு, எல்லா இடத்துக்கும் நேர்ல போங்க. போன் பண்ணா அவங்க எடுக்காம இருக்கலாம், நேர்ல போனா கூண்டு கூண்டா பாத்துடலாம்.

11. அடுத்த சில நாள்

தெருவுல எரிஞ்ச மத்தாப்புக் கம்பி, வெடிக்காத வெடி, மருந்துத் தூள் எல்லாம் கிடக்கும், நாய் நக்கினாலும் மிதிச்சாலும் ஆபத்து. பெருக்கி முடிக்கிற வரைக்கும் வேற பக்கம் கூட்டிட்டுப் போங்க, வந்ததும் பாதத்த தண்ணில கழுவுங்க. மிச்ச வெடி கார்த்திகை தீபம் வரைக்கும் அங்கங்க வெடிச்சிட்டே இருக்கும், கூடவே வடகிழக்குப் பருவமழை இடியும் சேந்துக்கும், அதனால ஹார்னஸையும் ஒளியிற இடத்தையும் டிசம்பர் வரைக்கும் எடுக்காதீங்க. தினமும் கொடுக்குற மாத்திரை எழுதியிருந்தா தீபாவளி முடிஞ்சிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்லித்தான் படிப்படியா குறைக்கணும்.

நாய் ஒரு நாளுக்கு மேல சாப்பிடல, வாந்தி, தள்ளாட்டம் இருக்குன்னா டாக்டர்கிட்ட போங்க. பூனை 24 மணி நேரம் ஒண்ணுமே சாப்பிடலன்னாலும் போகணும். ஆண் பூனை மண் ட்ரேல போய்ப் போய் உக்காந்து முக்குது, ஒண்ணுக்கு வரலன்னா அன்னைக்கே, ராத்திரியா இருந்தாலும் தூக்கிட்டுப் போங்க, அடைப்பு வந்தா ஒரு நாள்லயே உயிருக்கு ஆபத்தாயிடும். ராத்திரி திறந்திருக்குற கிளினிக் எதுன்னு அக்டோபர்லயே போன் பண்ணிக் கேட்டு, நம்பர ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க.